கணக்கேடு எமது, திறவுகோல் யாரிடம்?

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் வரிக் கணக்குத் தயாரிப்போரின் அலுவலகங்களில் இரவு வெகுநேரம் வரை விளக்கெரிவது வழக்கம். மார்ச் 31ஆந் திகதியுடன் முடிவடைந்த ஆண்டுக்கான வருமான வரி விபரத்திரட்டு நவம்பர் 30ஆந் திகதிக்கு முன்னர் சமர்ப்பிக்கப்பட்டாக வேண்டும். புறக்கோட்டையிலாயினும், யாழ்ப்பாணத்திலாயினும், காத்தான்குடியிலாயினும் இவர்கள் இன்று முறையிடும் விடயங்கள் இரண்டு. ஒன்று, ஒரு மென்பொருளிலுள்ள கணக்கு மற்றொன்றுக்குள் ஒழுங்காக வந்து சேராமை. மற்றையது, கணக்கியல் மென்பொருள்களுக்கான சந்தா ஆண்டுக்காண்டு உயர்ந்து செல்வது. இவை வெவ்வேறு பிரச்சினைகளாகத் தோன்றினாலும் இரண்டினதும் வேர் ஒன்றே என்பது எமது கருத்தாகும்.

முன்னர் வணிகரின் நாளேடும் பேரேடும் அவரது கடை அலுமாரியில் இருந்தன. கணக்கப்பிள்ளை மாறினாலும் ஏடு மாறவில்லை. கணனி வந்த பின்னரும் நெடுங்காலம் இந்நிலை நீடித்தது. ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய மென்பொருளைப் பல ஆண்டுகள் பயன்படுத்த முடிந்தது. இலங்கையின் சிறு, நடுத்தர நிறுவனங்கள் பலவற்றுக்குப் பழக்கமான குயிக்புக்ஸ் இதற்கு நல்ல உதாரணமாகும். 1983இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட இன்டியூட் நிறுவனம் 1992இல் இதனை வெளியிட்டது. இதன் கணனிப் பதிப்புகளில் ஒரே தடவை விலை கொடுத்து வாங்கக்கூடியதாக இருந்த கடைசிப் பதிப்பு 2021ஆம் ஆண்டுக்குரியது. அதன் பின்னர் ஆண்டுச் சந்தா கட்டாயமாயிற்று. 2024 செப்டெம்பர் 30ஆந் திகதிக்குப் பின்னர், பெரிய நிறுவனங்களுக்கான பதிப்புத் தவிர்ந்த ஏனைய கணனிப் பதிப்புகள் அமெரிக்காவில் புதிய வாடிக்கையாளருக்கு விற்கப்படுவதில்லை. அவர்கள் இணையவழிச் சேவையை நோக்கியே திருப்பப்பட்டுள்ளனர்.

விலையும் அதற்கேற்ப ஏறியது. அமெரிக்கச் சந்தையில் இணையவழிச் சேவையின் சிறிய திட்டம் 2022இல் மாதம் 30 டொலராக இருந்து 2025இல் 38 டொலரானது. ஆயினும் வரிக் கணக்குத் தயாரிப்போரைத் தாக்குவது விலை மட்டுமன்று. பழைய முறையில் ஒரு மென்பொருளை வாங்கியவர் தமது இருபது வாடிக்கையாளரின் கணக்குகளையும் அதிலேயே வைத்திருக்க முடிந்தது. இணையவழி முறையிலோ நிறுவனம் ஒன்றுக்குச் சந்தா ஒன்று. சிறிய பலசரக்குக் கடையின் கணக்குக்கும் தனிச் சந்தா வேண்டும். அதனை அந்தக் கடைக்காரரிடம் அறவிடவும் இயலாது. தாமே சுமக்கவும் இயலாது.

எமது நாட்டவருக்கு நாணயப் பெறுமதி வேறொரு சுமையாகும். 2022இன் தொடக்கத்தில் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியது. மாதம் 30 டொலர் சந்தா, வெளிநாட்டு நிறுவனம் ஒரு சதமேனும் கூட்டாமலேயே, 6,000 ரூபாவிலிருந்து 10,800 ரூபாவானது. ஒருமுறை வாங்கிய பொருளை நாணய வீழ்ச்சி தொடுவதில்லை. வாடகைப் பொருளை அது மாதந்தோறும் தொடுகிறது. 2025ஆம் ஆண்டின் பெறுமதி சேர் வரித் திருத்தச் சட்டம், வெளிநாட்டு நிறுவனங்கள் இணையவழி வழங்கும் சேவைகளையும் 18 வீத வரிக்குள் கொண்டுவர வழிசெய்துள்ளமையும் இங்கு கவனிக்கத்தக்கது.

அவ்வாறாயின் மலிவானதொரு மென்பொருளுக்கு மாறிவிடலாமே என்று கேட்கலாம். அங்குதான் முதலாவது முறைப்பாடு எழுகின்றது. ஒரு சிறு விடயத்தைப் பார்ப்போம். நாம் திகதியை நாள், மாதம், ஆண்டு என எழுதுகின்றோம். அமெரிக்கர் மாதத்தை முதலில் எழுதுவர். 04/03/2025 என்று வங்கிக் கூற்றில் உள்ள மார்ச் 4ஆந் திகதி வரவை, அமெரிக்க முறையில் அமைக்கப்பட்ட மென்பொருள் ஏப்ரல் 3 என வாசிக்கும். இடையில் மார்ச் 31 வருவதால் அவ்வருமானம் அடுத்த வரி ஆண்டுக்குச் சென்றுவிடுகின்றது. 25/03/2025 எனும் திகதியை அது நிராகரித்துவிடும். ஏனெனில் 25ஆவது மாதம் இல்லை. நிராகரிக்கப்பட்டவை கண்ணில் படும். மாதத்தின் முதற் பன்னிரண்டு நாட்களுக்குரியவையோ ஓசையின்றிப் பிழையாகப் பதிவாகும்.

எக்செல் தாளினூடாகக் கொண்டுவரும்போது கணக்கிலக்கங்களின் முன்னாலுள்ள பூச்சியங்கள் மறைகின்றன. தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்ட பெயர்கள் சில வேளைகளில் வெறும் கேள்விக்குறிகளாகின்றன. ஒரே வங்கிக் கூற்று இருமுறை ஏற்றப்பட்டால் விற்பனை இரட்டிப்பாகின்றது. மொத்தத் தொகைகள் வந்தாலும் அவற்றின் பின்னாலுள்ள பற்றுச்சீட்டுகளும், யார் எப்போது எதனைத் திருத்தினார் என்ற பதிவும் வராமற் போகலாம். சந்தா முடிந்தபின் கோப்பு எமது கணனியிலேயே இருந்தாலும் அதனைத் திறக்கும் மென்பொருள் இயங்க மறுக்கும் நிலையும் உண்டு. வெளியேறும் வழி இவ்வளவு குறுகலாக இருப்பதாலேயே சந்தாவை உயர்த்துவது இலகுவாகின்றது. இரு முறைப்பாடுகளுக்கும் வேர் ஒன்றே என நாம் கூறியது இதனாலேயே.

சந்தா முறையில் நன்மையே இல்லை என்று நாம் வாதிடவில்லை. வரிச் சட்டம் மாறும்போது மென்பொருளும் புதுப்பிக்கப்படுகின்றது. கணனி பழுதானாலும் கணக்கு அழிவதில்லை. உழைப்பவர் ஊதியம் பெறுவதும் நியாயமே. அனுமதியற்ற பிரதிகளை நாடுவதும் தீர்வன்று. அது 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு முரணானது என்பதோடு, பிறர் நம்பி ஒப்படைத்த கணக்குகளை வைரசுக்கு இரையாக்கும் ஆபத்தும் அதில் உண்டு.

ஆனால் அரசாங்கங்கள் இங்கு பார்வையாளராக இருக்க முடியாது. கணனி வழியாகவே கணக்குக் காட்ட வேண்டும் எனப் பணிப்பவை அவையே. பிரித்தானியா 2019 ஏப்ரலில் பெறுமதி சேர் வரிக்கும், 2026 ஏப்ரல் 6 முதல் ஆண்டு வருமானம் 50,000 பவுணுக்கு மேற்பட்ட சுயதொழிலாளருக்கும் வீட்டுரிமையாளருக்கும் மென்பொருள்வழிக் கணக்கை விதித்தது. அதற்குரிய மென்பொருளை அவர்கள் சந்தையிலேயே தேடிக்கொள்ள வேண்டும். இதற்கு மாறான முன்மாதிரிகளும் உண்டு. இந்தியா 2019இல், ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி ரூபாவுக்குட்பட்ட வணிகருக்குக் கணக்கியல் மென்பொருளை இலவசமாக வழங்க ஏற்பாடு செய்தது. பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைப்பு வரிக் கணக்காய்வுக்கான பொதுக் கோப்பு வடிவமொன்றை 2005இல் முன்வைத்தது. போர்த்துக்கல் 2008இல் அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எந்த மென்பொருளாயினும் ஒரே வடிவில் கணக்கை வெளித்தர வேண்டும் என்பதே அதன் சாரம்.

இலங்கையில் பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்வதற்கான ஆண்டு விற்பனை எல்லை 2022 ஒக்டோபரில் 300 மில்லியன் ரூபாவிலிருந்து 80 மில்லியனாகவும், 2024 ஜனவரியில் 60 மில்லியனாகவும் குறைக்கப்பட்டது. முன்னர் வரிக்கு அப்பால் நின்ற நடுத்தர வணிகர் பலர் இதனால் உள்வாங்கப்பட்டனர். அவர்களின் கணக்குகளை ஏற்கும் உள்நாட்டு இறைவரித் திணைக்களம், பொதுக் கோப்பு வடிவமொன்றை அறிவித்து, இங்கு விற்கப்படும் ஒவ்வொரு கணக்கியல் மென்பொருளும் அவ்வடிவில் தரவுகளை வெளித்தர வேண்டும் என விதிப்பது பொருத்தமானது.

அதுவரை கணக்குத் தயாரிப்போர் தம்மாலானதைச் செய்யலாம். எந்தச் சந்தாவையும் ஏற்குமுன், கணக்கை உள்ளே கொண்டுவர முடியுமா என்பதுடன் வெளியே எடுக்க முடியுமா என்பதையும் ஒரு மாதக் கணக்கைக் கொண்டு பரீட்சித்துப் பார்க்க வேண்டும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பரீட்சை மீதியை ஒப்பிட வேண்டும். ஆண்டு முடிவில் பேரேடு, ஐந்தொகை, கடன்பட்டோர், கடன்கொடுத்தோர் பட்டியல்களை எந்த மென்பொருளும் வாசிக்கக்கூடிய வடிவில் தனியே சேமிக்க வேண்டும். மிகச் சிறிய வணிகங்களுக்கு 1998 முதல் கிடைக்கும் குனூகாஷ் போன்ற இலவச மென்பொருள்கள் போதுமானவையாக இருக்கக்கூடும்.

வணிகரின் கணக்கு அவரது உழைப்பின் சாட்சி. அதனைத் தயாரிப்பவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனை எழுதும் கருவி வாடகைக்குரியதாக இருக்கலாம். எழுதப்பட்ட கணக்கு ஒருபோதும் வாடகைப் பொருளாகிவிடக் கூடாது.