அரசமரத்தடியில் வைத்த படம்

எங்கள் கல்லிடைக்குறிச்சியில் தாமிரபரணிக்குக் குளிக்கப் போகிற வழியில் ஓர் அரசமரம் இருக்கிறது. கண்ணாடி உடைந்த சுவாமி படம், கரையான் அரித்த சட்டம், மங்கிப்போன காலண்டர் லட்சுமி எல்லாம் கடைசியில் வந்து சேருமிடம் அதுதான். உடைந்த படத்தை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பார்கள்; குப்பையில் போடவும் மனம் வராது. நானும் ஓய்வு பெற்ற புதிதில், அம்மா பூஜை செய்துவந்த ஐந்தாறு படங்களை அங்கே சாய்த்து வைத்துவிட்டு, ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வீடு திரும்பினேன்.

அவற்றில் இரண்டு படங்களின் ஓரத்தில் 'சி. கொண்டையராஜு' என்று ஆங்கிலத்தில் சின்னதாகக் கையெழுத்து இருந்தது. ஒன்றில் அதனோடு 'டி.எஸ். சுப்பையா' என்ற பெயரும் சேர்ந்திருந்தது. அன்று படித்தேன், பொருட்படுத்தவில்லை. இன்று அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

கொண்டையராஜுவை நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பெயர் தெரியாவிட்டாலும் அவர் வரைந்த முருகனையோ மீனாட்சியையோ கும்பிடாதவர்கள் குறைவு. 1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். அதன் பிறகு திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சில காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனியில் சேர்ந்து சீன் எழுதினார். 1940-களின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்துபோக, அங்கேயே தங்கிவிட்டார். சீடர்களோடு சேர்ந்து தேவி ஆர்ட் ஸ்டூடியோவை நடத்தினார். பக்கத்தில் சிவகாசி. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் ஒட்ட வேண்டி வளர்ந்த அச்சுத் தொழில், காலண்டருக்கும் விரிந்துகொண்டிருந்த நேரம். அச்சகத்தார் படம் கேட்டார்கள். இவர்கள் வரைந்து கொடுத்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளாமல் சீடர்களையே குடும்பமாகக் கொண்டு வாழ்ந்து, 1976-ல் காலமானார்.

'காலண்டர் படம்தானே, ஒன்றைப் பார்த்து ஒன்றை எழுதுவது' என்று சிலர் சொல்வதுண்டு. நானும் அப்படி நினைத்தவன்தான். மிஞ்சியிருக்கும் பழைய படங்களை உறவினர் வீடுகளிலும் கடைகளிலும் நின்று பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அது தவறு என்று புரிந்தது. அவர் படத்தில் சுவாமிக்குப் பின்னால் தூண்களும் திரைச்சீலையும் நீர்நிலையும் மலையும் அடுக்கடுக்காக உள்ளே போகும். நாடகம் பார்த்தவர்களுக்கு அது தெரிந்த இடம்தான்: தர்பார் சீன், காட்டு சீன். உடம்பின் திரட்சியும் நிழலும் ஓவியப் பள்ளி கொடுத்தது. கறுப்பு வெள்ளைப் போட்டோவுக்கு வண்ணம் தீட்டி, முகத்தைத் துலக்குவது அந்தக் கால ஸ்டூடியோக்களின் அன்றாட வேலை. அம்மன் முகத்தின் அந்த மெருகில் எனக்கு அந்தக் கைதான் தெரிகிறது.

இவருக்கு முன்னோடி ரவிவர்மா. 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, தெய்வங்களை வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்தவர். ஆனால் ரவிவர்மாவின் தேவியரில் பலர் கதையில் வரும் பெண்களைப் போல ஏதோ ஓர் இயற்கைக் காட்சிக்குள் இருப்பார்கள். கொண்டையராஜுவின் தெய்வம் கருவறையில் இருப்பதுபோல் நேராக நம்மையே பார்க்கும். பூஜையறையில் மாட்டினால் கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டும் அல்லவா? நாடக மேடையின் ஆழத்தையும் கருவறையின் நேர்ப்பார்வையையும் ஒரே அட்டையில் சேர்த்ததுதான் கோவில்பட்டியின் யோசனை என்பது என் எண்ணம். அது ஒரே நாளில் வந்திருக்காது. எத்தனை படத்தில், எப்படி வந்தது? அதைத்தான் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன்.

இந்த ஆசைக்கு என் பள்ளிக்கூடமும் ஒரு காரணம். நான் பிரெஞ்சு மொழியில் படித்தவன். அங்கே 'புரூயோன்' என்று ஒன்று உண்டு. அடித்துத் திருத்தி எழுதும் கச்சா நோட்டு. எங்கள் வாத்தியார் அழகாக எழுதிய பிரதியை மட்டும் வாங்க மாட்டார். 'புரூயோன் எங்கே?' என்பார். நீ என்ன எழுதினாய் என்பது இதில் தெரியும், எப்படி யோசித்தாய் என்பது அதில்தான் தெரியும் என்பது அவர் கட்சி. பின்னாளில் அரசு அலுவலகத்தில் சேர்ந்தபோது அதையே வேறு பெயரில் கண்டேன். வெளியே போகும் உத்தரவு ஒரு பக்கம்தான். அது உருவான விதம் முழுவதும் நோட் ஃபைலில் இருக்கும்.

பிரெஞ்சுக்காரர்கள் ஓவியர்களின் புரூயோனையும் அப்படித்தான் பாதுகாக்கிறார்கள். ஆங்க்ர் என்ற ஓவியர் 1867-ல் இறந்தபோது, தம் சொந்த ஊரான மோந்தோபானுக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கோட்டோவியங்களை விட்டுச் சென்றார். அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பாரிஸில் பிக்காஸோ 1937-ல் 'குவெர்னிகா' தீட்டியபோது, அந்தப் பெரிய துணி நாளுக்கு நாள் மாறிவந்ததை டோரா மார் படிப்படியாகப் போட்டோ எடுத்துவைத்தார். 1956-ல் குளூஸோ என்ற இயக்குநர், பிக்காஸோ வரைய வரைய அந்தக் கோடுகள் திரையில் தோன்றும்படி ஒரு சினிமாவே எடுத்தார். அதைப் பார்த்தபோது, மீன் கோழியாகி, கோழி முகமாக மாறுவதைக் கண்டு வாய்பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

சரி, கோவில்பட்டியின் புரூயோன் எங்கே? முதலில், அது சீடர்களின் கையில் இருந்தது. சுப்பையா, டி.எஸ். அருணாசலம், எம். ராமலிங்கம் என்று பலர் அவரிடம் பழகியவர்கள். ஒரே படத்தில் இரண்டு பெயர் இருப்பதற்குப் பொருள் அதுதான்: யோசனை ஒரு தலைக்குள் அடைந்து கிடக்காமல், பட்டறையில் கைமாறி வளர்ந்திருக்கிறது. அந்தத் தலைமுறையில் பலர் இன்று இல்லை.

இரண்டாவது, அச்சான படங்களிலேயே இருந்தது. அதே முருகன் மறுபடி வருவார். மயிலின் தோகை வேறு பக்கம் விரியும், பின்னால் இருந்த தூண் போய் மலை வரும். நாம் 'காப்பி' என்று நினைப்பது உண்மையில் திருத்தம். வரிசையாக வைத்துப் பார்த்தால் யோசனை நகர்ந்த தடம் தெரியும். ஆனால் வரிசை வேண்டுமே! காலண்டர் ஒரு வருஷப் பொருள். எங்கள் அலுவலக மொழியில் சொன்னால், நிரந்தரமாகக் காக்க வேண்டிய ஆர்.டிஸ். ஃபைலுக்கு, ஒரு வருஷத்தில் அழிக்கும் எல்.டிஸ். போட்டுவிட்டோம். கனடாவிலிருந்து ஸ்டீபன் இங்லிஸ் என்ற ஆய்வாளர் வந்து கொண்டையராஜுவையும் சீடர்களையும் பற்றி ஆராய்ந்து எழுதினார். பக்கத்திலேயே இருந்த நான், மரத்தடியில் கொண்டுபோய் வைத்தேன்.

காகிதம்தானே என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊர் குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982-ல் களவு போனது பலருக்கும் நினைவிருக்கும். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரக் கலைக்கூடத்தில் இருந்தவர், 2019-ல் நாடு திரும்பினார். அவர் நம்மவர்தான் என்று நிரூபிக்கத் துணைநின்றது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பத்திரமாக இருந்த பழைய புகைப்படம். ஐம்பொன்னைத் திருடன் கொண்டுபோனான், காகிதம் மீட்டுக் கொடுத்தது. கொண்டையராஜு விஷயத்தில் அந்தக் காகிதத்தை எந்தத் திருடனும் எடுக்கவில்லை. நாமே கொடுத்துவிட்டோம்.

இப்போதும் ஆற்றுக்குப் போகும்போது அந்த மரத்தடியில் குனிந்து பார்க்கிறேன். பழக்கத்தை மாற்றச் சொல்லவில்லை; அது அவரவர் நம்பிக்கை. ஒரே ஒரு வேண்டுகோள். படத்தை எடுத்துப் போவதற்கு முன், ஓரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பேரனை விட்டுக் கைபேசியில் ஒரு படம் எடுத்து, எந்த வருஷம், எந்தக் கடைக் காலண்டர், வீட்டில் எங்கே மாட்டியிருந்தது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். என் அம்மாவின் மீனாட்சிக்குப் பின்னால் இருந்தது தூணா, மலையா என்று இன்று யாராவது கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.