ஓராண்டு வெற்றியும் பத்தாண்டுப் பயிற்சியும்

இலங்கையின் விளையாட்டு வரலாற்றில் தமிழ் மக்கள் பெருமையுடன் நினைவுகூரத்தக்க பெயர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1934ஆம் ஆண்டு பிறந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற அவர், 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் உயரம் பாய்தலிற் கலந்துகொண்டபோது வயது பதினேழு. பதக்கம் கிட்டவில்லை. 1956இல் மெல்பேணிலும் கிட்டவில்லை. 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவிலேயே 2.03 மீற்றர், அதாவது ஆறடி எட்டங்குலம், பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விழாவில் இந்நாட்டுக்குக் கிடைத்த முதலாவது தங்கப் பதக்கம் அதுவே. 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளியும் பெற்றார். அப்பெருமகன் 2024இல் மறைந்தார்.

இவ்வாண்டுகளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். முதல் ஒலிம்பிக்கிலிருந்து தங்கம்வரை ஆறாண்டு, வெள்ளிவரை பத்தாண்டு. வெறுங்கையுடன் திரும்பிய பதினேழு வயது மாணவன் அன்றே பாய்ச்சலைக் கைவிட்டிருப்பின், தோக்கியோவில் நம் கொடி உயர்ந்திராது.

நம் திருகோணமலையிலோ, இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும்போதுதான் பயிற்சி சூடுபிடிக்கிறது. பெண்பிள்ளைகள் பன்னிரண்டு வயதளவிலும் ஆண்பிள்ளைகள் பதினான்கு வயதளவிலும் விரைந்து வளர்வர். ஆயினும் எல்லாரும் ஒருங்கே வளர்வதில்லை. முந்தி வளர்ந்தவன் கிண்ணம் பெறுகிறான். பிந்தி வளர்பவன் திறமையற்றவனெனக் கருதப்பட்டு மைதானத்தை விட்டே போய்விடுகிறான். 1990களில் கனடாவிலிருந்து இஸ்த்வான் பால்யி என்னும் அறிஞர் வகுத்த நெடுங்காலப் பயிற்சி முறை, இத்தவற்றைத் திருத்தவே வயதைவிட வளர்ச்சியைப் பார்க்கச் சொல்கிறது.

அதன்படி, சிறுவர்க்கு ஓட்டம், பாய்ச்சல், எறிதல், நீச்சல் யாவும் விளையாட்டாகவே அமைதல் நன்று. வளரும் பருவத்தில் மூன்று மாதத்துக்கொருமுறை உயரத்தை அளந்து குறித்து, வளர்ச்சி விரையுங்கால் கடும்பாய்ச்சலைக் குறைத்தல் வேண்டும். முழங்காலும் குதிகாலும் நோவது அப்போதுதான். தனியொரு போட்டியில் முழுக்கவனம் அதன்பின் போதும். வாடைக்காற்று மழை பெய்யும் மாதங்களில் மண்டபத்துள் உடற்பயிற்சியும், வெயில் மாதங்களில் அதிகாலைப் பயிற்சியுமாக ஆண்டுமுழுதும் அட்டவணை இருத்தல் வேண்டும்.

பெரியோர்களே, பிள்ளை வீடு திரும்பியதும் “பதக்கம் எங்கே?” என்று கேளாதீர்கள். “நாளையும் போகிறாயா?” என்று கேளுங்கள். இளைஞர்களே, பதினான்கில் தோற்றவர்கள் பதினேழிலும் மைதானத்தில் நிற்பார்களாயின், அதுவே நம் சங்கத்தின் முதல் வெற்றி.