பட்ட விரட்டி (நாவல்)

ஆப்கானிஸ்தானத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மருத்துவரான காலித் ஹொசைனி ஆங்கிலத்தில் எழுதி, 2003-ஆம் ஆண்டில் பிரசுரமான நாவல். காபூல் நகரில் ஒரே வளவில் வளர்ந்த இரு சிறுவர்களின் பால்ய சிநேகத்தையும், அவர்களுள் ஒருவன் மற்றவனுக்கு இழைத்த துரோகத்தையும், கால் நூற்றாண்டு கழிந்தபின் அவன் தேடிச் சென்ற பிராயச்சித்தத்தையும் இது கூறுகிறது. கதையைச் சொல்பவனான அமீர், வஸீர் அக்பர் கான் வட்டாரத்துப் பெரிய மாளிகையொன்றில் வாழும் பஷ்தூன் தனவந்தரின் மகன், ஸுன்னி மார்க்கத்தவன். ஹசன், அம்மாளிகைத் தோட்டத்தின் கோடியிலிருந்த மண் குடிசையில் வாழும் வேலைக்காரன் அலியின் மகன், ஹஸாரா இனத்தவன், ஷியா. இருவரும் தாயின் அரவணைப்பு அறியாதவர்கள். ஒரே செவிலியிடம் பாலுண்டவர்கள். எனினும் ஒருவன் பள்ளிக்குச் செல்ல, மற்றவன் அவனுக்குக் காலை உணவு தயாரித்து, உடைகளைத் தேய்த்து வைப்பதே அவ்வீட்டு வழக்கமாயிருந்தது.

இக்கதையின் வேரை அறிய விரும்புவோர் ஹஸாராக்களின் சரித்திரத்தைச் சற்று விரிவாகவே அறிதல் வேண்டும். பாமியானை உள்ளிட்ட நடு ஆப்கானிஸ்தானத்து உயர்நிலங்கள், அதாவது ஹஸாராஜாத் என்னும் பிரதேசம், இம்மக்களின் தாயகம். மங்கோலிய, துருக்கியச் சொற்கள் விரவிய ஹஸாராகி என்னும் பாரசீகக் கிளைமொழியைப் பேசும் இவர்களுள் பெரும்பான்மையோர் ஷியாக்கள். இவர்களுடைய முகச்சாயலை வைத்து, செங்கிஸ்கானின் படைவீரர் வழிவந்தவர்கள் என்று கூறும் வழக்கு நெடுங்காலமாக உண்டு. ஆயினும் மங்கோலியரும் துருக்கியரும் அந்நிலத்துப் பழங்குடிகளும் பல தலைமுறைகளாகக் கலந்து உருவான மக்கள் என்று கொள்வதே பொருத்தமாகும். சொந்த நாட்டிலேயே அந்நியரெனக் கருதப்படுவதற்கு இம்முகச்சாயலும், ஸுன்னிகளே மிகுந்த நாட்டில் ஷியாக்களாயிருந்தமையும் போதுமான காரணங்களாயின.

1880 முதல் 1901 வரை ஆண்ட அமீர் அப்துர் ரஹ்மான் கான், அதுவரை தம் தலைவர்களின் கீழ்ப் பெரிதும் சுயேச்சையாக வாழ்ந்த இம்மலைநாட்டைக் காபூலின் ஆட்சிக்கு உட்படுத்த முனைந்து, 1891 முதல் 1893 வரை நடத்திய யுத்தமே ஹஸாராக்களின் வாழ்வைக் குலைத்தது. ஷியாக்களுக்கு எதிராக மார்க்கத் தீர்ப்புப் பெறப்பட்டு, போர் புனிதப் போரென அறிவிக்கப்பட்டது. பிடிபட்டோர், பெண்டிர் பிள்ளைகள் உட்பட, அடிமைகளாக விற்கப்பட்டனர். அவர்களுடைய மேய்ச்சல் நிலங்கள் பஷ்தூன் நாடோடிக் கூட்டத்தாருக்கு வழங்கப்பட்டன. தப்பியோருள் பலர் குவெட்டாவுக்கும் ஈரானிலுள்ள மஷ்ஹதுக்கும் ஓடினர். குவெட்டாவில் அவர்களைக் கொண்டே பிரிட்டிஷ் இந்தியப் படையினர் 1904-இல் ஹஸாரா பயனியர் பட்டாளம் ஒன்றைத் திரட்டினர். அது 1933-இல் கலைக்கப்பட்டது. இக்கொடுமைகளின் விவரங்களிற் பெரும்பகுதி, அரசவையிலேயே எழுத்தராயிருந்த ஃபைஸ் முகம்மது காதிப் என்னும் ஹஸாரா ஒருவராலேயே, அரச ஆணையின்பேரில் எழுதப்பட்ட சரித்திர நூலில் பதிவாயிருப்பது விசித்திரம். அமானுல்லா அரசரின் 1923-ஆம் ஆண்டு அரசியற்சட்டம் அடிமை முறையை ஒழித்தது. ஆனால் அடிமை என்ற பெயர் நீங்கியபின்னும், காபூலில் மூட்டை சுமப்பதும் வீட்டு வேலை செய்வதுமே ஹஸாராக்களுக்குரிய தொழில்கள் என்னும் எண்ணம் நீங்கவில்லை. 1933-இல் அப்துல் காலிக் என்ற ஹஸாரா மாணவன் நாதிர் ஷா அரசரைச் சுட்டுக் கொன்றபோது, அவனோடு அவனைச் சார்ந்தோர் பலரும் மரண தண்டனைக்கு ஆளாயினர்.

நாவலில் இச்சரித்திரம் ஓரிடத்திலேயே தலைகாட்டுகிறது. இறந்துபோன தன் தாயின் புத்தகங்களுள் ஒன்றில் ஹஸாராக்களைப் பற்றிய அத்தியாயம் ஒன்றைக் கண்டு அமீர் வியக்கிறான். பள்ளியிலோ, தந்தை வாயிலாகவோ அவன் கேட்டறியாத செய்தி அது. பள்ளி ஆசிரியரிடம் அதைக் காட்டியபோது அவர் முகஞ்சுளித்தாரேயன்றி விளக்கம் கூறவில்லை. துவேஷம் வசைச் சொற்களால் மட்டுமன்றி, இத்தகைய மௌனத்தாலும் வளர்க்கப்பட்டது என்பதை இந்தச் சிறு சம்பவம் நன்கு புலப்படுத்துகிறது.

துரோகம் நிகழ்வது 1975-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில். நம் சென்னைச் சிறுவர் மாஞ்சா என்று கூறுவதைப் போன்ற, கண்ணாடித்தூள் பூசிய நூலால் ஒருவர் பட்டத்தை மற்றவர் அறுப்பதும், அறுந்து வீழும் பட்டத்தை ஓடிப் பிடிப்பதும் அக்காலக் காபூலில் பெருவிழாவாயிருந்தது. இறுதியாக அறுபட்ட பட்டத்தைக் கைப்பற்றுவது தனிப் பெருமை. தந்தையின் அன்புக்கு ஏங்கிய அமீர் போட்டியில் வெல்கிறான். அறுந்த நீலப் பட்டத்தை அவனுக்காகத் தேடி ஓடிய ஹசனை, ஹிட்லரைப் போற்றுபவனும் ஆப்கானிஸ்தானம் பஷ்தூன்களுக்கே உரியதென்று வாதிப்பவனுமான அஸெஃப் தன் தோழர் இருவருடன் ஒரு சந்தில் மடக்குகிறான். பட்டத்தைக் கொடுத்துவிட்டால் போகலாம் என்கிறான், ஹசன் கொடுக்கவில்லை. அஸெஃப் அவனைப் பலாத்காரம் செய்வதை மறைந்திருந்து கண்ட அமீர் ஓடிவிடுகிறான். பன்னிரண்டு வயதுச் சிறுவனின் கோழைத்தனம் என்று இதை மன்னிக்கும் வாசகர் உண்டு. ஆனால் ஓடுகின்ற வேளையில் அமீரின் உள்ளத்தில் எழுவது அச்சம் மட்டுமன்று. தந்தையின் அன்பைப் பெறுவதற்குக் கொடுத்தாக வேண்டிய விலை ஹசன் என்பதும், ஹஸாராதானே என்பதும் அவன் நினைவில் ஓடுகின்றன. அஸெஃப் உரக்கக் கூறும் சித்தாந்தமும் அமீர் தனக்குள் முணுமுணுக்கும் சமாதானமும் ஒரே ஊற்றிலிருந்து சுரப்பவையே.

இரண்டாவது துரோகம் முன்னதினும் கீழ்த்தரமானது. ஹசனைக் காணவே கூசிய அமீர், தன் பிறந்தநாட் பரிசாகக் கிடைத்த கைக்கடிகாரத்தையும் சிறிது பணத்தையும் அவனுடைய மெத்தைக்கடியில் மறைத்து வைத்து, திருட்டுக் குற்றம் சாட்டுகிறான். திருட்டையே எல்லாப் பாவங்களுக்கும் மூலமெனக் கருதும் அமீரின் தந்தை, ‘பாபா’, எடுத்தாயா என்று வினவ, எடுத்தேன் என்று ஹசன் ஒப்புக்கொள்கிறான். பாபா மன்னிக்கிறார், எனினும் உண்மையறிந்த அலி மகனை அழைத்துக்கொண்டு ஹஸாராஜாத் செல்கிறான்.

ஹசனின் விசுவாசம் இந்நாவலில் மிகவும் புகழப்படும் அம்சம். அதைச் சற்று நிதானத்துடன் நோக்குதல் நன்று. ஒருவனுக்கு மறுக்கும் உரிமையே இல்லாதவிடத்து அவன் காட்டும் விசுவாசத்தில் சிநேகம் எவ்வளவு, சேவகம் எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று. ஹசனின் உள்ளத்தில் நிகழ்வதை ஆசிரியர் பெரும்பாலும் நமக்குக் காட்டுவதில்லை. அவன் எழுதிய ஒரு கடிதத்திலும் குறை கூறும் சொல் ஒன்றுமில்லை. பிற்காலத்தில் பாபாவின் வீட்டைத் தாலிபான்களிடம் ஒப்படைக்க மறுத்தே அவனும் அவன் மனைவியும் கொல்லப்படுகின்றனர். ஹசன் உண்மையில் பாபாவுக்குப் பிறந்தவன், ஆகவே அமீரின் சகோதரன், என்னும் ரகசியம், அமெரிக்காவில் குடியேறிவிட்ட அமீருக்கு 2001-இல் பாகிஸ்தானின் பெஷாவரில் வெளிப்படுவது கதையின் கட்டுக்கோப்புக்கு வலிமை தருகிறதாயினும், கருத்தை ஓரளவு பலவீனப்படுத்துகிறது. அயலானுக்குச் செய்யவேண்டிய நீதி இரத்த உறவுக்குச் செய்யும் கடமையாகச் சுருங்கிவிடுகிறது.

ஹசனின் மகன் ஸொஹ்ராபைத் தாலிபான் தலைவனாகிவிட்ட அஸெஃபிடமிருந்து அமீர் மீட்கும் காட்சியில், முன்பு ஹசன் உண்டிவில் காட்டி மிரட்டிய அஸெஃபின் அதே இடக்கண்ணை மகன் உண்டிவில்லால் அழிப்பதும், முன்பு பிளவுபட்டிருந்த ஹசனின் உதட்டைப்போல அமீரின் உதடு கிழிவதும் மிகையான பொருத்தங்களே. கலிபோர்னியாவில் மாமனாரான ஜெனரல் தாஹேரி, ஹஸாராப் பையனை ஏன் அழைத்து வந்தாய் என்று கேட்க, இனி தன் முன்னிலையில் அவனை அவ்வாறு குறிப்பிடலாகாது என்று அமீர் சாப்பாட்டு மேஜையிலேயே கூறும் காட்சி சிறியது. ஆனால் முந்தைய சண்டைக் காட்சியினும் இதுவே உண்மையான பிராயச்சித்தம் எனத் தகும்.

ஹொசைனி 1965-இல் காபூலில் பிறந்தவர். தந்தை வெளிநாட்டமைச்சகத்தில் பணியாற்றியவர். ஈரானில் வசித்த காலத்தில் தம் வீட்டிலிருந்த ஹஸாரா சமையற்காரருக்கு இவர் எழுதப் படிக்கக் கற்பித்தார். 1980-இல் குடும்பம் அமெரிக்காவில் தஞ்சம் புகுந்தது. இனப்பகையைப் பிறர் முன் எடுத்துக்காட்டியது தகாதென்று புலம்பெயர்ந்த ஆப்கானியர் சிலர் இவரைக் கடிந்துகொண்டனர். மார்க் ஃபார்ஸ்டர் இயக்கிய திரைப்படம் 2007-இல் வெளிவந்தது. காபூல் காட்சிகள் சீனாவின் காஷ்கரில் எடுக்கப்பட்டன. பலாத்காரக் காட்சியால் தீங்கு நேருமென அஞ்சி, சிறுவர் நடிகர்களை ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அனுப்பும்வரை வெளியீடு தள்ளிவைக்கப்பட்டது. ஆப்கானிய அரசு படத்தைத் தடை செய்தது. நாவல் 2011-இல் சித்திரக்கதையாகவும், 2022-இல் பிராட்வே மேடையில் நாடகமாகவும் வந்தது. நாவல் காட்டும் பகைமை இன்னும் ஓயவில்லை: 2021-இல் தாலிபான் ஆட்சி திரும்பியபின் ஹஸாராக்களின் பள்ளிவாசல்கள் மீதும் கல்விக்கூடங்கள் மீதும் தாக்குதல்கள் நிகழ்ந்துள்ளன.