லேடாங் மலை

லேடாங் மலை, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், மலாக்கா எல்லையை ஒட்டி, முன்பு மூவார் மாவட்டத்தின் பகுதியாக இருந்த தங்காக் மாவட்டத்தில் 1,276 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும், அம்மாநிலத்தின் மிக உயர்ந்த மலையாகும். ஐரோப்பியர் இதனை ஓஃபிர் மலை எனக் குறித்தனர்.

மலாய் அரச வரலாற்று நூலான செஜாரா மெலாயு, இம்மலையில் வாழ்ந்த இளவரசியை மணக்க விரும்பிய மலாக்கா சுல்தான் மகமூது ஷாவிடம், மலையிலிருந்து மலாக்கா வரை பொன்னாலும் வெள்ளியாலும் பாலங்கள், ஏழு தட்டுக் கொசு இதயங்கள், சுல்தானின் இரத்தத்தோடு அவர் மகனின் இரத்தமும் ஒரு கிண்ணம் என்று நிபந்தனைகள் விதிக்கப்பட்டதாகக் கூறுகிறது. மறுப்பை மரியாதையாகச் சொல்லும் முறை இது என்றே கொள்ளத் தோன்றுகிறது. இக்கதை 2004ஆம் ஆண்டில் மலாய்த் திரைப்படமாகவும் வந்தது.

ஆங்கிலேய இயற்கையியலாளர் ஆல்பிரட் ரசல் வாலஸ் 1854இல் இதன் உச்சிக்கு ஏறினார். விசிறிபோல் விரியும் அரிய பெரணிகளை வியந்த அவர், திறந்த பாறைச் சரிவில் தாகம் எடுத்தபோது, பூச்சிகளைச் சிக்கவைத்துச் செரிக்கும் குடுவைச்செடிகளில் தேங்கியிருந்த நீரையே, பூச்சிகள் கிடந்தபோதிலும், தம் குழுவினருடன் பருகினார்.

அடிவாரத்துத் தாழ்நிலங்களில் ரப்பரும் செம்பனையும் பயிராகின்றன. காடு மண்டிய மேற்பகுதி தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகிறது. சாகில் அருவி அதன் நுழைவாயிற் பகுதியில் உள்ளது.