புராசஸர் மாற்றம்: 486 முதல் கேமிங் டெஸ்க்டாப் வரை

மேசைக் கணினியின் மற்ற பாகங்களை அப்படியே விட்டுவிட்டு, புராசஸரை மட்டும் கழற்றி வேகமான ஒன்றைப் பொருத்தும் வழக்கம் 486 காலத்தில் பரவலானது. இன்டெல் 80486-ஐ 1989-இல் வெளியிட்டது. 1992-இல் அதே மதர்போர்டில் ஏறக்கூடிய ‘ஓவர்டிரைவ்’ புராசஸர்களை விற்கத் தொடங்கியது. 168 ஊசிக்கால்கள் கொண்ட சில்லை விரலால் அழுத்தி இறக்கி, நெம்பி எடுக்க வேண்டியிருந்த காலம் அது. ஒரு கால் ஒடிந்தாலும் சில்லு போயிற்று. ஓரத்தில் சிறு நெம்புகோல் வைத்த சாக்கெட் வந்த பிறகே அந்த அச்சம் தணிந்தது.

தமிழ்நாட்டில் இந்த வேலை பழகியதற்குக் காரணம் அசெம்பிள் கணினி. 1984 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த கணினிக் கொள்கை உதிரிபாக இறக்குமதியை எளிதாக்கியது. 1991-க்குப் பின் வந்த தாராளமயத்தில், வானொலி, தொலைக்காட்சி உதிரிகளுக்குப் பெயர்போன சென்னை ரிச்சி தெரு கணினிச் சந்தையாக மாறியது. மதர்போர்டு, ரேம், ஹார்டு டிஸ்க், கேபினட், எஸ்.எம்.பி.எஸ். எனத் தனித்தனியாக வாங்கிப் பூட்டிய இயந்திரம் பிராண்டட் கணினியைவிட மலிவு. அதைவிடப் பெரிய லாபம், உள்ளே இருப்பது ஒவ்வொன்றும் பூட்டியவருக்குத் தெரியும், கழற்றவும் தெரியும் என்பதே. ராஜபாளையம் போன்ற ஊர்களின் சர்வீஸ் தொழில் இந்தப் பழக்கத்தில்தான் வளர்ந்தது.

1990களின் நடுவில் வந்த சாக்கெட் 7 இந்த வழக்கத்தின் பொற்காலம். இன்டெல் பென்டியம், ஏஎம்டி கே6, சைரிக்ஸ் 6எக்ஸ்86 மூன்றுமே அந்த ஒரே சாக்கெட்டில் ஏறின. 1997-இல் பென்டியம் 2-ஐத் தனக்கே உரிய ஸ்லாட் 1-க்கு மாற்றி இன்டெல் அந்தப் பொதுவழியை அடைத்தது. 2004-இல் வந்த எல்ஜிஏ 775-இல் ஊசிக்கால்கள் சில்லை விட்டு மதர்போர்டுக்கே போயின. சிப்செட்டும் பயாஸும் இடம் கொடுத்த போர்டுகளில், பென்டியம் 4 இருந்த இடத்தில் 2006-இன் கோர் 2 டுவோ உட்கார்ந்தது.

கேமிங்குக்கென்றே பூட்டி விற்கும் டெஸ்க்டாப் வேறொரு மரபில் வந்தது. மயாமியில் 1996-இல் தொடங்கிய ஏலியன்வேரை 2006-இல் டெல் வாங்கியது. இத்தகைய பெரிய நிறுவனங்களின் கணினிகளில் மதர்போர்டின் வடிவம், மின் இணைப்பு, பயாஸ் பெரும்பாலும் அவர்களுக்கே உரியவை. 1990களின் இறுதியில் வந்த சில டெல் கணினிகளின் மின் இணைப்பு பார்வைக்கு வழக்கமான ஏடிஎக்ஸ் போலவே இருக்கும்; கம்பிகளின் வரிசை மட்டும் வேறு. வெளியே வாங்கிய எஸ்.எம்.பி.எஸ்.-ஐச் செருகினால் போர்டு எரிந்துபோகும் ஆபத்து இருந்தது.

இன்று பெரிய தடை பயாஸ்தான். புதிய சில்லை அடையாளம் காணும் நிரல் அதில் இருந்தாக வேண்டும். கடையில் வாங்கிய மதர்போர்டுக்கு அதன் தயாரிப்பாளர் ஆண்டுக்கணக்கில் புதுப் பதிப்புகள் தருவதுண்டு. பூட்டி விற்ற கணினிக்கோ, விற்ற நிறுவனம் மனம் வைத்தால்தான் உண்டு. சாக்கெட்டின் பெயரை மட்டும் நம்பவும் முடியாது. 2015-இல் வந்த எல்ஜிஏ 1151-இல் இன்டெல்லின் 6, 7-ஆம் தலைமுறைச் சில்லுகள் ஏறின. 2017-இன் 8-ஆம் தலைமுறைக்கும் அதே 1151 தொடர்புப் புள்ளிகள்தான். ஆனால் பழைய 100, 200 வரிசை போர்டுகள் அதை ஏற்காது. விலை கொடுத்து வாங்கியவருக்கு இது நியாயமற்ற ஏற்பாடு.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் நீண்ட காலம் நிலைத்தது. 2016-இல் எச்பி, லெனோவோ போன்றோரின் ஆயத்தக் கணினிகளில்தான் அது முதலில் வந்தது. அதில் ஏறும் ரைசன் புராசஸர் வரிசை வந்தது 2017-இல். அடுத்த தலைமுறைச் சில்லுகள் 400 வரிசை போர்டுகளில் இயங்காது என்று 2020 மே மாதத்தில் ஏஎம்டி அறிவித்தது; பயனர்களின் எதிர்ப்பு வலுத்ததும் அதே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டது. அதன் பயனாக, 96 எம்பி எல்3 கேஷ் கொண்ட ரைசன் 5800எக்ஸ்3டி 2022-இல் வந்தபோது பழைய போர்டுகள் பலவற்றுக்கும் அது கிடைத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஏறத்தாழ 75 கி.மீ. பயணித்து மதுரையில் சில்லு வாங்குவதற்கு முன், போர்டின் பெயர், சிப்செட், பயாஸ் பதிப்பு, எஸ்.எம்.பி.எஸ்.-இன் வாட் அளவு ஆகிய நான்கையும் குறித்துக்கொள்வது நல்லது. 65 வாட் சில்லுக்கென்று வைத்த ஹீட் சிங்க் 105 வாட் சில்லின் சூட்டைத் தாங்காது. சில்லின் வேகம் தானாகக் குறைந்துவிடும். பயாஸைப் பழைய புராசஸர் இருக்கும்போதே புதுப்பிக்க வேண்டும், அதுவும் யுபிஎஸ் இணைப்பில். பாதியில் மின்சாரம் நின்றால் கணினி எழாமலே போகலாம்.

ஏஎம்4 கணினியில் ஹீட் சிங்கை நேராக இழுக்கக் கூடாது. காய்ந்த தெர்மல் பேஸ்ட் பிடித்துக்கொண்டு, பூட்டிய சாக்கெட்டிலிருந்து சில்லையே ஊசிக்கால்களோடு பிடுங்கி வந்துவிடும். கணினியைச் சில நிமிடம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகியபின் மின்சாரத்தைத் துண்டித்து, ஹீட் சிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகிக் கழற்றுவதே முறை. புதிய சில்லின் மூலையிலுள்ள முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி வைத்தால் அது தன் எடையிலேயே இறங்கும், அழுத்தவே தேவையில்லை.

இன்னொன்று விண்டோஸைப் பற்றியது. பல ஏஎம்டி கணினிகளில் பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் எஃப்டிபிஎம் அமைப்பு புராசஸரைச் சார்ந்தே இருக்கிறது. சில்லு மாறியதும் கணினி அதை அழித்துப் புதிதாக அமைக்கலாமா என்று கேட்கும். பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியையும் கேட்கும். சாவி எங்குமே பதிவாகியிருக்காவிட்டால் ஹார்டு டிஸ்கிலுள்ள கோப்புகளை முழுவதும் இழக்க நேரிடலாம்.