புத்தளக் கரையின் தையல்



தைத்தல் என்னும் சொல்லைத் தமிழர் துணி ஒன்றற்கே உரியதாக வைத்துக்கொள்ளவில்லை. விருந்துக்கு இலை தைத்தார்கள். காலுக்குத் தோல் தைத்தார்கள். கடலிற் செல்லுவதற்கு மரத்தையுந் தைத்தார்கள். சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளரை எண்ணிச் செல்லுமிடத்தில் துணி தைக்குந் துன்னகாரரையும் தோல் தைப்பாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணுகின்றது. கிழிந்ததை இணைத்துத் தைப்பதைப் பொல்லம் பொத்துதல் என்பது பழைய வழக்கு. அந்தப் பொத்துதல் என்ற சொல் எங்கள் கரையோரத்தில் இன்றும் உயிரோடிருக்கின்றது. கிழிந்த சட்டையையும் பொத்துகின்றோம், சுறா கிழித்த வலையையும் பொத்துகின்றோம்.

சிலாபத்துக்கு வடக்கே உடப்பு, அப்பாற் புத்தளம், அதன் கடனீரேரியை மேற்கே மறைத்து நிற்கும் கற்பிட்டித் தீபகற்பம் ஆகிய இக்கரையின் வரலாறு எழுதப்படாமற் போகவில்லை. முத்துக் குளிப்பு எழுதப்பட்டிருக்கின்றது, உப்பளம் எழுதப்பட்டிருக்கின்றது, ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கற்பிட்டியிற் கட்டிய கோட்டை எழுதப்பட்டிருக்கின்றது. கப்பலேறிய துணிமூட்டைகளுக்கும் கணக்குண்டு. ஆனால் அத்துணியைக் கரையிலே தைத்தவர் யார், தையலை எவரிடங் கற்றார் என்பதை எந்தக் கணக்கரும் எழுதிவைத்தாரல்லர். இத்தகைய அறிவு கையிலிருந்து கைக்குச் செல்வது. ஒருத்தி சொல்ல இன்னொருத்தி கேட்பது. அதன் தடத்தைத் தேடுவோர் சொற்களிலும், பிரயாணிகளின் குறிப்புகளிலும், பழைய பொருள்களின் இணைப்புகளிலுந்தான் தேடவேண்டும்.

1344ஆம் ஆண்டிலே மாலைதீவிலிருந்து புறப்பட்ட இப்னு பத்தூத்தா என்னும் மொரோக்கோ தேசத்துப் பிரயாணி, மஃபர் எனப்பட்ட தமிழகக் கரையை நாடிச் சென்றவர், இலங்கையில் வந்து ஒதுங்கினார். பத்தாளா என்று அவர் குறிக்கும் பட்டினம் புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர் பலரது துணிபு. அங்கே ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்றதும், முத்துக்களைக் காட்டியதும் பலரும் அறிந்த செய்தி. நமக்கு வேண்டியது அவர் போகிற போக்கில் எழுதிய வேறொன்று. வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குன்றுபோற் குவிந்து கிடந்தனவாம். மஃபரிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் வருவோர் அவற்றை விலையின்றி அள்ளிச் சென்றனராம். அதற்கு ஈடாக அரசனுக்குத் துணிகளையும் அவைபோன்றவற்றையுங் காணிக்கையாகக் கொடுத்தனராம்.

கறுவா போயிற்று, துணி வந்தது. இக்கரையின் உடைவரலாறு முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும் என்றே எனக்குத் தோன்றுகின்றது. தறி பெரிதும் அக்கரையினது, ஊசி இக்கரையினது.

அதே பிரயாணி கயிற்றைப் பற்றியும் எழுதியிருக்கின்றார். மாலைதீவிலே தேங்காய் மட்டையை ஊறவைத்து, அடித்து, பெண்கள் நூற்ற கயிற்றினாலேயே இந்தியாவினதும் யேமனினதும் மரக்கலங்கள் தைக்கப்பட்டன என்பது அவர் கூற்று. ஆணி அறைந்த கப்பல் பாறையில் மோதினால் உடைந்துவிடும். தைத்த கப்பலோ வளைந்துகொடுக்கும் என்று காரணமுங் கூறுகின்றார். அவருக்கு முன் சென்ற மார்க்கோ போலோ, ஓர்முசுத் துறைமுகத்திலே இத்தகைய கப்பல்களைக் கண்டு, இவை மிகவும் மோசமானவை என்று எழுதிவிட்டார். இன்னும் முன்னே, 6ஆம் நூற்றாண்டிலே, ஆணி அறைந்த கப்பல்களைக் கடலடியிலுள்ள காந்தமலை இழுத்துவிடுமென்று ஒரு கதை உலாவியது. புரோக்கோப்பியஸ் என்னுங் கிரேக்க ஆசிரியர் அக்கதையை மறுத்து, அம்மக்களிடம் போதிய இரும்பு இல்லாமையே காரணமென்றார். இம்மூவருள் இப்னு பத்தூத்தாவின் பக்கமே நியாயமிருப்பதாக நான் கருதுகின்றேன். உப்பு நீரில் இரும்பு துருவேறும். துருவேறிய ஆணி தன்னைச் சுற்றியுள்ள மரத்தையுங் கெடுக்கும். கயிறு அறுந்தாலோ மறுபடி தைத்துக்கொள்ளலாம். அலை உடையும் மணற்கரையில் ஏற்றி இறக்கும் தோணிக்கு விறைப்பைவிட நெகிழ்ச்சியே தேவை. சென்னையிலே துறைமுகங் கட்டப்படுமுன், கப்பலிலிருந்து ஆட்களை அலைகடந்து கரைசேர்த்த மசூலாப் படகுகள் தைத்த படகுகளாய் இருந்ததும் இதனாலேயே.

இலங்கையின் மேற்குக் கரையிற் கரைவலை வளைக்குந் தோணியும், பக்கத்தில் மிதவை கட்டிய வள்ளமும் இவ்வினத்தவை. வள்ளத்தின் அடி குடைந்த மரம். மேலே நிறுத்திய பலகை கயிற்றினால் தைக்கப்பட்டது. 1902இல் மன்னார்க் கடலின் முத்துச் சிப்பிகளை ஆராயப் பேராசிரியர் ஹேர்ட்மனோடு வந்த ஜேம்ஸ் ஹோர்ணல், சிப்பியைப் பார்த்த கண்ணாலே தோணிகளையும் பார்த்தார். பின்பு 1920இல் இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூல் இத்துறையிற் பலருக்கும் முதல் வழிகாட்டியாயிற்று.

தோணி தைப்பது எப்படி? இரண்டு பலகைகளின் ஓரங்களிலும் நேருக்கு நேராகத் துளையிடுவர். பொருத்தின்மேல் நாரையோ வைக்கோலையோ திரியாக வைப்பர். ஒருவன் உள்ளேயும் ஒருவன் வெளியேயும் இருந்து கயிற்றை வாங்கிக் கொடுப்பர். உள்ளிருப்பவன் இழுக்கும்போது வெளியிலிருப்பவன் தளர்த்தக் கூடாது. இருவர் கையும் ஒத்து இறுகவேண்டும். கயிறு நின்ற துளையை அடைத்தபின்னரே நீர் புகாது. போர்வை தைக்கும் பெண்கள் இதைக் கேட்டால் வியப்படைய மாட்டார்கள். இரண்டு துணிகளின் நடுவே பஞ்சை வைத்து, மேலும் கீழுமாக ஊசியோட்டி, மேலிழையும் கீழிழையும் ஒத்து இறுகுமாறு தைப்பதும் இதே வேலைதான்.

இவ்வறிவு எவ்வளவு எளிதில் அழியும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. திம் செவரின் என்னும் ஆங்கிலேயர் அராபியரின் பழைய கடல்வழியைத் தாமே ஓடிப்பார்க்க எண்ணி, 1980இல் ஓமான் தேசத்திலே ஆணியில்லாத கப்பலொன்றைக் கட்டுவித்தார். தைத்த கப்பலுக்குப் பேர்போன கரை அது. இருந்தும், தைக்கத் தெரிந்த கைகளை இலட்சத்தீவுகளிலிருந்தே வருவிக்க வேண்டியதாயிற்று. மினிக்கோய்த் தீவைச் சேர்ந்த அலி மணிக்பான் அவ்வேலையை முன்னின்று நடத்தினார். அவர் மண்டபத்திலுள்ள கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்திலே, மன்னார்க் குடாவுக்கு அக்கரையிலே, நீண்டகாலம் பணியாற்றியவர். பள்ளிப்படிப்பை நடுவில் விட்டுத் தாமே பல மொழிகளைக் கற்றவர். 2021இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதைப் பெற்றார். சொஹார் எனப் பெயரிட்ட அக்கப்பல் இலங்கையிலுந் தங்கி, 1981இற் சீனத்துக் கன்ரன் துறையை அடைந்தது. தைத்த கப்பல் மிகவும் மோசமானது என்ற மார்க்கோ போலோவுக்கு 7 நூற்றாண்டு கழித்து வந்த மறுமொழி என்று இதைச் சொல்லலாம்.

இனித் துணிக்கு வருவோம். நாம் இன்று பேசுஞ் சொற்களிலேயே தையலின் ஒரு காலம் பதிந்திருக்கின்றது. பொத்தான் போத்துக்கேயச் சொல். கைக்குட்டையை லேஞ்சி என்கின்றோமே, அதுவும் அவர்களுடையது. பின்னல் ஓரத்துக்கு றேந்தை என்பதும் அவர்களிடமிருந்து வந்ததே. ஊசியும் நூலுந் தமிழாக, பொத்தானும் றேந்தையும் போத்துக்கேயமாக நிற்கக் காண்கின்றோம். தைக்கக் கற்றுக்கொடுக்க அவர்கள் வரவேண்டியிருக்கவில்லை. புதிய உடைகளின் வெட்டும் அலங்காரமுமே அவர்களோடு வந்தன.

அவர்களும் இங்கிருந்து கற்றார்கள். வங்காளத்துச் சாத்காவிலே பருத்தித் துணியின்மீது பட்டு நூலோட்டித் தைத்த பெரும் போர்வைகளை 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் விரும்பி வாங்கி லிஸ்பனுக்கு அனுப்பினார்கள். செல்வர் போர்வை அது. ஏழையின் போர்வை வேறு. பழஞ்சேலைகளை அடுக்கி, அச்சேலைகளின் கரையிலிருந்தே நூலை உருவித் தைப்பது வங்காளத்துக் காந்தா. நாம் கந்தை என்று இழிவாகச் சொல்லுகிறோமே, அச்சொல்லும் இதுவும் ஒரே மூலத்தன. பொருநராற்றுப்படையிலே கரிகாலனைக் காண வந்த பொருநன், வேறு வேறு இழை நுழைத்து ஒட்டிய கந்தையையே உடுத்திருந்தான். அரசன் மெல்லிய புத்தாடை கொடுத்தான் என்பதையே உரைகாரரும் பேச்சாளரும் எடுத்துப் போற்றுவர். அக்கந்தையைத் தைத்த கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஒட்டுப்போடும் கலையில் மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லும் புத்திகள் பல. பழந்துணிக்குப் பழந்துணியையே ஒட்டாக வை என்பது முதலாவது. புதிய துணி நனைந்தாற் சுருங்கி, நைந்த துணியை இழுத்துக் கிழித்துவிடும். தலவில் சென் ஆன் ஆலயத் திருவிழாவுக்குச் செல்லும் மக்கள் இதனைச் சுவிசேஷத்து உவமையாகவுங் கேட்டிருப்பர். துணியின் இழையோட்டமும் ஒட்டின் இழையோட்டமும் ஒரே திசையிற் செல்லவேண்டும். ஓரத்தை உள்ளே மடிக்காமற் தைத்தால் ஒரு வெளுப்புக்குப் பின் பிசிறாய்ப் போகும். நூலைக் கைநீளத்துக்கு மேற் கோத்தால் சிக்கும். பருமனான துணிக்கு நூலை மெழுகில் இழுத்துக்கொள்வது நல்லது. இப்புத்திகளுள் ஒன்றேனும் புத்தகத்தைப் பார்த்து வந்ததன்று.

போத்துக்கேயர் காலத்திலிருந்து ஆபிரிக்க மக்கள் பலர் அடிமைகளாகவும் போர்வீரராகவும் இக்கடல் வழியே கொண்டுவரப்பட்டனர். அவர்களின் வழித்தோன்றல்கள் சிலர் புத்தளத்துக்கு அண்மையிலுள்ள சிராம்பியடியில் வாழ்கின்றார்கள். மஞ்சா எனப்படும் அவர்களது பாட்டும் ஆட்டமும் நாடறிந்தவை. பாட்டிலே பழைய போத்துக்கேயக் கலப்புமொழி நிற்கின்றது. அதே வழியிற் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டுக் கர்நாடகத்து வடகன்னடக் காடுகளில் வாழும் சித்திகள் என்போரிடமோ, பாட்டோடு போர்வையும் நிற்கின்றது. கவண்டி என்பது அதன் பெயர். பழைய துணித்துண்டுகளை ஒரு மூலையில் வைத்துத் தைக்கத் தொடங்கி, ஓரமாகவே சுற்றிச் சுற்றி வந்து, நடுவிலே முடிப்பார்கள். முன்கூட்டி வரைந்த கோலம் எதுவுமில்லை. அடுத்த துண்டைக் கண்ணே தேர்ந்தெடுக்கும். நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துண்டுகளைப் பூவென்று வைப்பர். பூவில்லாத போர்வை அம்மணமானது என்பது அவர்கள் எண்ணம். கிறித்தவர் சிலுவையும், முஸ்லிம்கள் பிறையும் இடையே வைத்துத் தைப்பதுண்டு. ஒரே கடலைக் கடந்து வந்தவர்களுள் ஒரு சாரார் பாட்டைக் காத்தார்கள். ஒரு சாரார் பாட்டையுங் காத்துத் தையலையுங் காத்தார்கள்.

சிங்கர் தையல் இயந்திரம் 1877இல் இலங்கைக்கு வந்தது. அது வந்தபின் அயலாரிடம் கேட்டறியும் புத்திகளும் மாறின. மேல்நூல் இறுகினாற் துணி சுருங்கும், தளர்ந்தால் அடியிற் கண்ணி தொங்கும் என்ற பேச்சு வேலிக்கு வேலி கேட்கலாயிற்று. 1930இலே மேரி இரத்தினம் என்னும் வைத்திய அம்மையார் இலங்கை மகளிர் சமித்தியைத் தொடக்கினார். கனடாவிற் பிறந்து தமிழரை மணந்தவர் அவர். கிராமப் பெண்களைக் கூட்டிச் சுகாதாரத்தோடு தையலையும் கைப்பணியையும் கற்பித்தது அச்சங்கம். வேலியோரத்திற் சொல்லப்பட்டு வந்தது முதன்முறையாக ஒரு கூட்டத்தில் சொல்லப்பட்டது. அதன் பெருமையை நாம் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம்.

புத்தளக் கரையின் தையல் வரலாற்றிலே மறைக்கக் கூடாத ஓராண்டு உண்டு. 1990 ஒக்டோபர் மாதத்திலே வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தவர்க்கு ஒக்டோபர் 30ஆந் திகதி கொடுக்கப்பட்ட தவணை இரண்டு மணிநேரம். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களிடையே தையற்காரர் பலர். நகரத்தார் பெருநாளுக்கும் பொங்கலுக்கும் அவர்களிடமே அளவு கொடுத்தவர்கள். கடையும் இயந்திரமும் வெட்டிவைத்த துணியும் அங்கேயே கிடக்க, சோதனையில் நகையும் பணமும் பறிபோக, வெறுங்கையோடு நடந்தார்கள். அவர்களிற் பெரும்பாலோர் வந்து சேர்ந்த இடம் புத்தளமும் கற்பிட்டித் தீபகற்பமும். கிடுகுக் குடிசைகளிலே ஆண்டுகள் கழிந்தன. ஒரு நகரத்தின் உடையைத் தைத்தவர்கள் தங்கள் பிள்ளைகளின் கிழிசலைப் பொத்த ஊசி கேட்கவேண்டியவர்களானார்கள். முகாம்களிலே பெண்களுக்குத் தையல் வகுப்புகள் நடத்தப்பட்டன. முன்பு வீட்டுக்கு மட்டுந் தைத்தவர்கள் கூலிக்குத் தைத்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்தபின் சிலர் வடக்கே திரும்பினர். பலர் இக்கரையிலேயே நின்றுவிட்டனர்.

கரையிலே கயிற்றுத் தையல் அருகிவிட்டது. உடப்பிலும் கற்பிட்டியிலும் இன்று அலைமேல் ஏறும் படகுகள் பெரும்பாலுங் கண்ணாடியிழையால் ஆனவை. அவற்றைத் தைக்க வேண்டியதில்லை. கரைவலையை மட்டும் இழுத்து உலர்த்தியபின் மணலில் விரித்து, காற்பெருவிரலில் ஓரத்தை மாட்டிக்கொண்டு, நைலோன் நூல் சுற்றிய வலையூசியினால் இன்னுங் கையாலேயே பொத்துகின்றார்கள்.