மட்கார்டு இல்லாத சைக்கிளும் கொங்கு நாட்டுச் சேறும்

மழை நாளில் கோவைப் பக்கம் கியர் சைக்கிளில் போகிறவர்களைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறீர்களா? பனியனின் நடு முதுகில், இடுப்பில் தொடங்கிப் பிடரி வரைக்கும், பெயிண்ட் பிரஷ்ஷால் இழுத்த மாதிரி ஒரு சேற்றுக்கோடு இருக்கும். ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுத்து வாங்கிய சைக்கிள் அது. அதே ரோட்டில் பால் கேனைத் தொங்கவிட்டுப் போகும் பழைய ஹெர்குலிஸ்காரரின் வெள்ளை வேட்டியில் ஒரு பொட்டுச் சேறு இருக்காது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பால்காரரின் வண்டியில் மட்கார்டு இருக்கிறது, மற்றவர் வண்டியில் இல்லை.

ஏன் இல்லை? "கம்பெனிக்காரன் காசை மிச்சம் பிடிக்கிறான்" என்பது டீக்கடை பதில். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் மலை சைக்கிள் (அதாங்க, எம்.டி.பி.) மட்கார்டைக் கழற்றிப் போட்டதற்கு வேறொரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை அமெரிக்காக்காரன் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பல்லடம், உடுமலைப் பக்கத்து விவசாயிக்கு எந்த அவசியமும் கிடையாது!

முதலில் சேறு எப்படி மேலே வருகிறது என்று பார்த்துவிடுவோம். உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் இடம் அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. உச்சியில் இருக்கும் இடமோ சைக்கிளைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் போகிறது. வண்டி 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் டயரின் உச்சி 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று அர்த்தம். ஒட்டியிருக்கும் சேறு இந்த ஓட்டத்தில் பிய்த்துக்கொண்டு பறக்கிறது. பின் சக்கரம் எறிவது முதுகில் கோடாக விழுகிறது. முன் சக்கரம் இன்னும் மோசம். அது சேற்றை முன்னாலும் மேலேயும் எறிகிறது. எறிந்தது கீழே விழுவதற்குள் ஓட்டுகிறவரே வேகமாகப் போய் அதில் முகத்தைக் கொடுத்துவிடுகிறார். கண்ணில் சேறு விழுந்தால் பள்ளம் தெரியாது. எனவே இது வெறும் சலவைப் பிரச்சினை இல்லை.

1885-ல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் வந்தது. இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவு, பின் சக்கரத்துக்குச் செயின். இன்றைய சைக்கிளின் பாட்டன் அதுதான். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்தில் மழைக்குக் குறைவே இல்லை. சைக்கிளில் போனவர்களோ கோட்டும் நீளப் பாவாடையும் அணிந்தவர்கள். மட்கார்டும் செயின் கவரும் வண்டியோடு சேர்ந்தே வளர்ந்தன. இரும்புத் தகட்டை வளைத்து, சக்கரத்தை ஒட்டினாற்போல வைத்து, கம்பி முட்டுக் கொடுத்து அச்சோடு இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. பழைய சைக்கிள்களில் பின் மட்கார்டின் கடைசியில் வெள்ளை பெயிண்ட் அடித்திருக்குமே, அது அழகுக்காக வந்தது இல்லை. இருட்டில் பின்னால் வரும் மோட்டார் வண்டிக்குத் தெரிய வேண்டும் என்று 1930-களில் இங்கிலாந்தில் போட்ட விதி அது. இந்தியாவில் செய்த வண்டிகளிலும் அந்த வெள்ளை அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் என்று ஆரம்பத்தில் எல்லாமே கப்பலில் வந்த சரக்குதான். 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. சென்னையை ஒட்டிய அம்பத்தூரில் ஹெர்குலிஸ் தயாராக ஆரம்பித்தது. அச்சு அசல் ஆங்கிலேய வடிவம்: 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், முழு நீள இரும்பு மட்கார்டு.

கோவைக்கு அது சரியான நேரம். 1888-ல் ஸ்டேன்ஸ் மில்லோடு ஆரம்பித்த நூற்பாலைத் தொழில், 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மளமளவென்று வளர்ந்திருந்தது. ஷிப்டுக்குச் சங்கு ஊதும்போது மில் வாசலில் சைக்கிள் கூட்டம். சொந்த சைக்கிள் இல்லாதவர்களுக்கு வாடகை சைக்கிள் கடை. கடைப் பெயரும் வண்டி நம்பரும் எழுத அந்த இரும்பு மட்கார்டைப் போல வசதியான இடம் வேறு ஏது? தார் ரோட்டில், கல் ரோட்டில், செம்மண்ணில் அந்த வண்டி நன்றாகவே ஓடியது. ஈரச் செம்மண் தெறிக்கும், துணியில் கறை போகாது, ஆனால் மட்கார்டு அதைப் பிடித்துக்கொள்ளும். ஆங்கிலேயன் நினைத்தது போலவே நடந்தது.

சிக்கல் கரிசலில் வந்தது.

கோவை மில்களை வாழவைத்த பருத்தி விளைந்தது பெரும்பாலும் கரிசல் மண்ணில். அந்த மண்ணில் இருக்கும் களிமண் வகை தண்ணீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிப்பு விடும். வெயில் காலத்தில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும் நிலம், ஐப்பசி மழை ஒன்று விழுந்ததும் கோந்து மாதிரி ஆகிவிடும். செருப்புப் போட்டு நடந்தால் பத்தடியில் செருப்பு இரண்டு கிலோ எடையாகும். டயருக்கும் அதே கதிதான்.

இதோடு கொங்கு நாட்டின் குடியிருப்பு முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீடுகள் எல்லாமே ஊருக்குள் நெருக்கிக்கொண்டு இருப்பதில்லை. பலருக்குத் தோட்டத்திலேயே சாளை. தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வர வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட இட்டேரி வழியாகத்தான் வர வேண்டும். இட்டேரி என்பது மாட்டு வண்டி போய்ப் போய்ப் பள்ளமான மண் தடம். மழை பெய்தால் தண்ணீர் நேராக அதில்தான் இறங்கும். பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோகிறவரும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும், மில்லுக்குக் கிளம்பும் ஆளும் தினமும் ஓட்டியது அந்தத் தடத்தில். இன்றைக்குக் காசு கொடுத்து "ஆஃப் ரோடு" போகிறார்களே, அதைத்தான் இவர்கள் வேறு வழியில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

ஈரக் கரிசலில் என்ன நடக்கும்? டயரில் ஒட்டிய மண் தெறிப்பதில்லை, சுற்றிக்கொண்டு மேலே போகிறது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் இடைவெளிதான். மட்கார்டின் விளிம்பும் பிரேக் கம்பியும் அந்த மண்ணை வழித்து உள்ளேயே வைத்துக்கொள்கின்றன. அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம். ஐம்பது அடி போவதற்குள் உள்ளே மண் கெட்டித்து, சக்கரம் கீச்சென்று நின்றுவிடும். தள்ளினாலும் உருளாது, சறுக்கிக்கொண்டுதான் வரும். குச்சியை ஒடித்து நோண்டி எடுத்துவிட்டு ஏறினால் மறுபடி ஐம்பது அடி. கடைசியில் சைக்கிள் மனிதனைச் சுமப்பது போய், மனிதன் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான். சேற்றைத் தடுக்க வைத்த தகடுதான் சேற்றைச் சேர்த்து வைத்து வண்டியை நிறுத்துகிறது! மழைக்காலம் முடியும் வரை மட்கார்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஓட்டியவர்களும் உண்டு. வேட்டி நாசமாகும், ஆனால் பால் நேரத்துக்குப் போய்ச் சேரும்.

இனி கலிபோர்னியா. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மாரின் கவுண்டி, டமால்பைஸ் மலை. 1970-களில் அங்கே சில இளைஞர்கள் 1930-40-களில் செய்த பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பிடித்தார்கள். கனமான வண்டி, தடித்த டயர். முதல் வேலையாக மட்கார்டு, செயின் கவர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு மலை உச்சியிலிருந்து மண் பாதையில் இறக்கினார்கள். 1976 அக்டோபரில் ரீபேக் என்ற பந்தயமே தொடங்கிவிட்டது. இறங்கும்போது பின் பிரேக்கில் கிரீஸ் கருகிப் புகையாகப் போய்விடும், கீழே வந்ததும் மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர். ஜோ பிரீஸ் இதற்கென்றே தனி பிரேம் செய்தார். டாம் ரிச்சியின் பிரேம்களை வைத்து 1979-ல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் கம்பெனி ஆரம்பித்தார்கள். 1981-ல் ஸ்பெஷலைஸ்ட் கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர் வந்தபோது மலை சைக்கிள் கடைச் சரக்காகிவிட்டது.

கவனிக்க வேண்டியது ஒன்று. கலிபோர்னியாவின் கோடைக்காலம் சுத்தமாக மழையில்லாத காலம். அங்கே புழுதிதான் பிரச்சினை, சேறு இல்லை. மட்கார்டு அவர்களுக்கு வெறும் எடை, கடகடவென்று சத்தம், கிளை மாட்டினால் ஆபத்து. இந்தக் கடைசி விஷயம் விளையாட்டில்லை. முன் சக்கரத்தில் ஒரு குச்சி மாட்டி மட்கார்டின் முட்டுக்கம்பி வரை இழுத்துக்கொண்டு போனால் தகடு மடங்கிச் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஓட்டுகிறவர் ஹேண்டில்பாருக்கு மேலாகப் பறப்பார். இதற்காகவே ஜெர்மனியின் எஸ்.கே.எஸ். கம்பெனி, குச்சி மாட்டினால் தானாகக் கழன்றுகொள்ளும் கிளிப்பை வைத்து மட்கார்டு செய்கிறது. சாதாரண இரும்பு மட்கார்டில் அதெல்லாம் கிடையாது.

அப்படி வெயில் ஊரில் பிறந்த வண்டி மழை ஊருக்குப் போனது. மறுபடி இங்கிலாந்து! அங்கே 1990-களில் க்ரட் கேட்சர் என்ற ஒரு பிளாஸ்டிக் தகடு பிரபலமானது. அது சக்கரத்தைச் சுற்றி வளைவதே இல்லை. பிரேமின் கீழ்த் தண்டில், டயரிலிருந்து நன்றாகத் தள்ளி நிற்கும். மண் அடைக்க இடமே இல்லை. பிறகு வந்தவை முன் ஃபோர்க்கில் டை கட்டி மாட்டும் கையகல பிளாஸ்டிக் துண்டுகள். முழு உடம்பையும் காப்பாற்றும் ஆசையை விட்டுவிட்டு, கண்ணை மட்டும் காப்பாற்றினால் போதும் என்று இறங்கி வந்ததன் விளைவு இது. புத்திசாலித்தனமான இறக்கம் என்றே சொல்லலாம்.

தமிழ்நாட்டுக் கடைகளில் 1990-களில் மலை சைக்கிள் பெருகியபோது பலவற்றில் குட்டையான பிளாஸ்டிக் மட்கார்டு இருந்தது. பாதி ஊருக்கு, பாதி ஸ்டைலுக்கு. அது கரிசலில் அடைக்கவில்லை, மழையையும் ஒழுங்காகத் தடுக்கவில்லை. அரசாங்கம் மட்டும் பழைய வழியிலேயே நின்றது. 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு ஆரம்பித்துப் பிறகு மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிந்த விலையில்லா சைக்கிள் திட்டத்தில் கொடுத்தது மட்கார்டு, கேரியர், செயின் கவர் எல்லாம் உள்ள சாதா வண்டி. அது சரியான முடிவுதான். நனைந்த யூனிபார்மோடு சேறும் சேர்ந்து நாள் முழுக்க வகுப்பில் உட்கார வேண்டும் என்றால், மழை நாளில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடத்தான் தோன்றும், அதிலும் பெண் பிள்ளைகளுக்கு.

இன்றைக்கு இட்டேரிகளில் பல தார் ரோடாகவோ சிமெண்ட் ரோடாகவோ மாறிவிட்டன. பால்காரர்கள் மொபெட்டுக்குப் போய் வெகு காலமாகிறது. கோவை நகரத்தின் ஆண்டு மழையே ஏறத்தாழ 700 மில்லிமீட்டர்தான், அதில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிடும். ஆனால் மேற்கே சிறுவாணி அடிவாரம், ஆலாந்துறை பக்கம் போனால் ஆடி மாதத்திலும் சாரல் உண்டு. வால்பாறை, சின்னக்கல்லார் மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே வண்டி ஓட்டுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது மண்ணை. தார் ரோடும் செம்மண்ணும்தான் என்றால் நீளமான மட்கார்டு நல்லது. கரிசல் வழி என்றால் டயருக்கு மேலே மூன்று விரல் இடைவெளி விட்டு நிற்கும் பிளாஸ்டிக் வகைதான் தேறும். வாங்கக் காசில்லாத மாணவர்களுக்கு ஒரு வழி: காலியான ஐந்து லிட்டர் எண்ணெய் கேனின் பக்கவாட்டை நீளமாக வெட்டி, நான்கு ஓட்டை போட்டு, கீழ்த் தண்டில் பழைய ட்யூப் ரப்பரால் கட்டினால் க்ரட் கேட்சர் செய்யும் வேலையை அதுவும் செய்யும். வெட்டிய விளிம்பை மெழுகுவர்த்தியில் லேசாகக் காட்டி மழுக்கிவிடுங்கள், இல்லையென்றால் முழங்காலைக் கீறும்.